கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்பைப் போலத்தான். போனில் தட்டினால் பாதியில் அழித்துவிடுகிறேன், அதனால் தாளில் எழுதுகிறேன்.

நீ கூப்பிட்டு இன்றோடு 19 நாள். வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளை ஜொகூரிலிருந்து வாராவாரம் வருகிறாரா, இல்லை மாதம் ஒருமுறைதானா? அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்று வீடியோவில் நான் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா பேரன் துருவனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன், நீ அவனை உள்ளே விளையாட விடுகிற அந்தப் பிளாஸ்டிக் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பின்னால், வேலிக்கு உள்ளேயே, நீ முழங்காலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாய். மடிக்கணினி பக்கத்தில் திறந்தபடி கிடந்தது. நான் எட்டிப் பார்த்து, "பிள்ளையை ஏம்மா கூண்டுல அடைச்சு வச்சிருக்க?" என்று கேட்டேன். நீ திடுக்கிட்டு எழுந்தாய். "எனக்கு ரெண்டு கைதான்ப்பா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

அது கூண்டு இல்லை, கயல். எனக்குத் தெரியும். சோறு வடிக்கும்போதும், ஆபீஸ் மீட்டிங்கில் பேசும்போதும் பிள்ளையை வேறு எங்கே விடுவாய்? உனக்காவது பிரசவ விடுமுறை 98 நாள் கொடுத்தார்கள். உங்கம்மாவுக்கு 60 நாள்தான். அது முடிந்த மறுநாளே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாள். நீ தனியாளாக வீட்டையும் வேலையையும் பிள்ளையையும் பார்க்கிறாய். கீழ்வீட்டு அத்தையிடம் இதைச் சொல்லாத நாள் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே கிடக்கிற அந்தப் பெரிய யானைப் பொம்மையை எடுத்துவிடு. அவன் அதன் முதுகில் ஒரு காலை வைத்தான், தாடை வேலி விளிம்புக்கு வந்துவிட்டது. நான் பார்த்தேன். தலையணை, மெத்தை மாதிரி ஏறி நிற்கக்கூடிய எதுவும் உள்ளே வேண்டாம். வேலி ஜன்னலை ஒட்டியும் இருக்கக் கூடாது, திரைக்கயிறு கைக்கு எட்டினால் கழுத்தில் சுற்றிக்கொள்வான். 14 கிலோ ஆகிவிட்டால், இல்லை மூன்றடியை நெருங்கிவிட்டால், வேலியை மடித்து வைத்துவிட வேண்டும். அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டால் அன்றோடு சரி. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு வேலிதான் ஆபத்து.

அப்புறம் மாடிப்படி. சுவருக்குச் சுவர் அழுத்தி நிறுத்துகிற கேட் கீழே அடுப்படி வாசலுக்குப் போதும். படியின் மேல்முனைக்கு அது ஆகாது, பிள்ளை சாய்ந்தால் கேட்டோடு சேர்ந்து உருளும். அங்கே சுவரில் திருகு போட்டு முடுக்கியதுதான் வேண்டும். நான் வந்து போட்டுத் தருகிறேன். யானைப் பொம்மையை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு.

நீ போனை வைத்த பிறகு அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு நமக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா அவ கை தப்பிச்சிருக்கும்" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உன் இடது கைத் தழும்பைப் பற்றி நீ கேட்டு வளர்ந்தது பொய். அம்மா பிளாஸ்க்கை முக்காலியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள், மூடி சரியாக இல்லை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் அப்படித்தான் தெரியும். நான்தான் அப்படிச் சொன்னேன்.

1992. உனக்கு 13 மாதம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பக்கத்து வீட்டிலிருந்து உன்னைத் தூக்கி வந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். பிளாஸ்க்கைத் திறந்தபடி முக்காலியில் வைத்தவன் நான். பாயில் படுத்து, நீ அடுப்படிக்குப் போகாமல் இருக்க வாசலில் காலை நீட்டி அடைத்துக்கொண்டேன். என் கால்தான் அன்றைக்கு உனக்கு வேலி. கண்ணை மூடியது தெரியவில்லை. உன் அலறலில்தான் எழுந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் பற்பசையைத் தடவினேன். குழாயைத் திறந்து 20 நிமிடம் தண்ணீரில் காட்டியிருக்க வேண்டும், வேறு எதையும் தடவியிருக்கக் கூடாது. நீ இதை நினைவில் வைத்துக்கொள்.

சாயங்காலம் அம்மா தொழிற்சாலைச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். "எப்படிங்க?" என்று கேட்டாள். "நீ வச்சிட்டுப் போன பிளாஸ்க்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த தைப்பூசத்திலிருந்து உனக்காகப் பால்குடம் எடுக்கிறாள். நம் பினாங்குத் தண்ணீர்மலையில் 2012-இல் மேலே புதுக்கோவில் வந்த பிறகு 513 படி. அந்த முட்டியோடு ஏறுகிறாள். நான் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுகிறேன். ஒவ்வொரு வருஷமும் பாதிப் படியில் சொல்லிவிட நினைப்பேன். மேலே போனதும் அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வராது.

அன்று நீ தூங்கிப்போனதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்தில்தான் கூண்டு என்று சொல்லிவிட்டேன். நீ வேலியைத் தாழ் போட்டுவிட்டு, பிள்ளையோடு உள்ளே இருந்து தூங்கினாய். நான் செய்ததும் நீ செய்ததும் ஒன்றில்லை, கயல்.

ஆனால் உட்கார்ந்தபடி தூங்குகிற அளவுக்கு உடம்பு ஏன் போயிற்று? ராத்திரி தூங்குகிறாயா? அழுகை வருகிறதா? கிளினிக்கில் துருவனுக்கு ஊசி போடப் போகும்போது அந்த நர்ஸிடம் உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல். சாப்பிடு.

வியாழக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். செந்தூலுக்கு நானே வந்துவிடுவேன், நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். துளை போடும் மெஷினையும் கொண்டு வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். பகலில் துருவனை நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது ராத்திரி ஷிப்ட் எதுவும் இல்லை எனக்கு.

அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். வந்ததும் அவளிடம் சொல்லப் போகிறேன். அதன் பிறகு உன்னைக் கூப்பிடுவாள். என்மேல் கோபம் இருந்தாலும் அவள் கூப்பிட்டால் எடு.

அப்பா