மார்கழிக் காற்றுக்கு ஒரு கட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரில் தங்கம் விலையும் பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பும் வருகின்றன. அதன் பக்கத்தில் காற்று மாசு அளவுக்கு இன்னொரு சின்னக் கட்டம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

வியாசர்பாடியில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். துணியை மூக்கருகே கொண்டுபோனாலே மாதம் சொல்லிவிடுவேன். ஆடியில் புழுதி; உதறினால் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கழுவிவிடுகிறது, தீபாவளி இரவு நீங்கலாக. மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், இரவில் மாடியில் காயப்போட்ட பள்ளிச் சட்டை காலையில் புகை நாற்றத்தோடு வருகிறது. எத்தனை உதறினாலும் போவதில்லை.

குளிர்ந்த இரவில் தரையோரக் காற்று மேலெழும்பாமல் மூடி போட்டதுபோல் நின்றுவிடுகிறதாம், மகள் விளக்கினாள். லாரிப் புகை, குப்பை எரிக்கிற புகை, என் கரிப்பெட்டிப் புகை (ஒப்புக்கொள்கிறேன்) எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். கோடையில் கடற்காற்று வந்து கலைத்துவிடும். 2018 போகியன்று புகைமூட்டத்தில் விமானங்களையே திருப்பிவிட்டார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாள்களை யாரும் கேட்பதில்லை.

பிஎம் 2.5 என்கிற நுண்துகளுக்கு நம் நாட்டு வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் நாளுக்கு 60 மைக்ரோகிராம், வருடச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னதோ நாளுக்கு 15, வருடச் சராசரி 5. வருடக் கணக்கு வந்தால் 'டெல்லிக்குச் சென்னை பரவாயில்லை' என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறோம். ஆடிக் காற்றையும் மார்கழிக் காற்றையும் கூட்டி வகுத்தால் பரவாயில்லைதான். என் மனைவிக்கு இழுப்பு. ஆனியில் மாதக்கணக்கில் வருகிற இன்ஹேலர், தையில் அவசரமாகத் தீர்ந்துபோகிறது.

மணலி, ஆலந்தூர், வேளச்சேரி என்று பல இடங்களில் அளக்கும் கருவி இருக்கிறது. அளவு செல்போன் செயலியிலும் வருகிறது. ஆனால் எங்கள் தெருவில் பேப்பர் பார்க்கிறவர்கள்தான் அதிகம். சென்னைக்கென்று ஒரே எண் போடாமல், மார்கழி முதல் மாசி வரையாவது ஏரியா வாரியாக முந்தைய நாள் அளவைப் போடுங்கள்.

புகை கலைந்து வெயில் ஏறியபிறகு கோலம் போடு என்று சொன்னால் மனைவி சண்டைக்கு வருகிறாள். பேப்பரில் வந்திருக்கிறது என்றால் சரி என்பாள்.

இஸ்திரிக் கடைக்காரர்,
வியாசர்பாடி, சென்னை