ஒரு ஊசி போட்டாச்சாமே

9-10-2025, வியாழன்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் மஞ்சள் காட்டுக்குத் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். மேற்கு வீட்டு அத்தை உன்னைக் கேட்டாள். தீபாவளிக்கு டிக்கெட் எடுத்தாயிற்றா என்று அப்பா கேட்கச் சொன்னார். போன் செய்தால் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீயாக ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். பாப்பா படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவாள். முழுக்கப் படி.

உங்கள் தெருவில் நாய்கள் அதிகம் என்று சொல்லியிருக்கிறாய். ராத்திரி வேலை முடிந்து வரும்போது பார்த்து வா. நாய் பல் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 28 வருஷம் ஊசி அறையில் நின்றவள் பிள்ளை நீ. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம்...

சுற்றி வளைத்து எழுத எனக்கு வரவில்லை தம்பி. பாப்பா சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. நேற்று ராத்திரி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள், நான்தான் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை குட்டிக்குப் பிஸ்கட் போடும்போது தாய் நாய் கவ்விவிட்டது, வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பல் இறங்கி ரத்தம் வந்தது, குழாயில் கழுவினாய், பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டாச்சு, சரியாகிவிட்டது. "அம்மாகிட்ட சொல்லாதே, ஊரைக் கூட்டும்" என்றாயாம்.

அந்த ஒரு ஊசிதான் என்னைத் தூங்கவிடவில்லை. என்ன ஊசி அது? டி.டி.யா, நாய்க்கடிக்குப் போடுகிற ஏ.ஆர்.வி.யா? நாய் கடித்தது என்று சொல்லிப் போனால் பல கிளினிக்குகளில் முதலில் டி.டி.யைப் போட்டு, நாய்க்கடி ஊசிக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடிபட்டவன் காதில் முதல் பாதிதான் விழும். ஊசி போட்டாச்சு என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போய்விடுவான். டி.டி. ரணஜன்னிக்கு, டெட்டனஸ் என்பார்களே அதற்குப் போடுவது. வெறிநாய்க்கடி வைரஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாய்க்கடி ஊசி போட்டிருந்தால் கையில் ஒரு கார்டு கொடுத்திருப்பார்கள், அடுத்த தேதிகளை எழுதி. கார்டு இருக்கிறதா? பாப்பாவிடம் கேட்டேன், அப்படி ஒன்றும் அண்ணன் சொல்லவில்லையே என்கிறாள்.

கார்டு இருந்தால் இதைக் கேட்டுக்கொள். ஞாயிறு 5ஆம் தேதி போட்டது முதல் ஊசி, அதைப் பூஜ்ய நாள் என்போம். இரண்டாவது 3ஆம் நாள், அது நேற்று. தவறியிருந்தால் நாளைக்குப் போய்ப் போட்டுக்கொள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 7ஆம் நாள் 12ஆம் தேதி ஞாயிறு வருகிறது. அன்றைக்கு ஓ.பி. இருக்காது, அவசர சிகிச்சைப் பிரிவில் போடுவார்களா என்று நாளைக்கே கேட்டு வை. கடைசி 28ஆம் நாள், நவம்பர் 2. இது அரசு ஆஸ்பத்திரிக் கணக்கு, தோலுக்குள் போடுகிற ஊசி. தனியாரில் புஜத்துச் சதையில் போடுவார்கள், அதற்கு 14ஆம் நாளும் உண்டு, மொத்தம் ஐந்து. இடுப்பில் போட வந்தால் வேண்டாம் என்று சொல். அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாக வேலை செய்யாது.

கார்டு இல்லையென்றால் நாளைதான் உனக்குப் பூஜ்ய நாள். வெள்ளி 10, திங்கள் 13, வெள்ளி 17, பிறகு நவம்பர் 7. தீபாவளிக்கு முன்னால் மூன்று முடிந்துவிடும். நான்கு நாள் ஆகிவிட்டதே, இனிமேல் போட்டு என்ன பிரயோஜனம் என்று நினைத்துவிடாதே. நோய் வெளியே தெரியாத வரை எத்தனை நாள் கழித்து வந்தாலும் போடுவோம். அந்த வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. எச்சிலோடு காயத்தில் இறங்கி, சதையில் கொஞ்ச காலம் இருந்து, நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஒரு வாரத்தில் வந்ததும் உண்டு, ஒரு வருஷம் கழித்து வந்ததும் உண்டு. முகம், கழுத்தில் கடித்தால் மூளை பக்கம். விரல்களில் நரம்பு நெருக்கமாக இருக்கும், அதனால் கைக் கடியையும் சாதாரணமாக விடமாட்டோம். சின்னப் பல் குறிதானே என்று நீ நினைப்பாய். அளவு முக்கியம் இல்லை தம்பி, ரத்தம் வந்ததா என்பதுதான் கேள்வி. காயமில்லாத தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும், அது முதல் வகை. ரத்தம் வராமல் கீறினால் இரண்டாம் வகை, ஊசி வேண்டும். ரத்தம் வந்தால் மூன்றாம் வகை. ஊசியும் வேண்டும், சீரமும் வேண்டும்.

இந்தச் சீரத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அதனால் இரண்டு தடவை எழுதுகிறேன். தடுப்பூசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கிற வைரஸை அங்கேயே கட்டிப்போட, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளேயே ஊசியால் இறக்குவது சீரம். குதிரை சீரம் கிலோவுக்கு 40 யூனிட், மனித சீரம் 20 யூனிட். நீ 60 கிலோ என்றால் குதிரை சீரம் 2400 யூனிட், ஒரு மில்லியில் 300 யூனிட் இருக்கும், ஆக அதிகபட்சம் 8 மில்லி. விரல் இடுக்கில் அவ்வளவும் இறங்காது, இறங்குகிற அளவுக்கு மெதுவாக விடுவார்கள். வலிக்கும். கையை இழுக்காதே. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார், சிலருக்கு ஒவ்வாமை வரும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் மட்டும்தான் சீரம் போடலாம், அதற்குப் பிறகு உடம்பே தயார் செய்ய ஆரம்பித்துவிடும். 5ஆம் தேதி போட்டது ஏ.ஆர்.வி. என்றால் உனக்கு ஞாயிறு வரைதான் நேரம். சின்ன சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் சீரம் இருக்காது. நேராகப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. "கையில் கடி, ரத்தம் வந்தது, சீரம் போடவில்லை" என்று இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல். நீ பாட்டுக்கு வரிசையில் நின்று கையை நீட்டினால் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

தோலுக்குள் போடுகிறபோது இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி போடுவார்கள். போட்ட இடம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னதாகப் புடைக்க வேண்டும். புடைக்கவில்லையென்றால் மருந்து ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம், சிஸ்டரிடம் மரியாதையாகச் சொல், பக்கத்தில் இன்னொன்று போடுவார். கரைத்த மருந்தைக் குளிர்ச்சியில் வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் காலையிலேயே போ.

காயத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் எடுத்துவிடு, திறந்தே இருக்கட்டும். நாளைக்குப் போகுமுன் இன்னொரு தடவை சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவு. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவு, நம் கைக்கு இரண்டு நிமிஷமே 15 மாதிரி தெரியும். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை, சோப்பு அதைக் கரைத்துவிடும். நீ சோப்புப் போட்டாயா, வெறும் தண்ணீரா என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை. கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் தடவு. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை புண்ணாக்குமே தவிர வைரஸைக் கொல்லாது. பத்தியமும் கிடையாது. முட்டை, கறி சாப்பிடலாம். மது மட்டும் வேண்டாம். நீ குடிக்கிறாய் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்கிறேன்.

அந்த நாய் இப்போது எப்படி இருக்கிறது? உங்கள் வாட்ச்மேனை தினமும் பார்க்கச் சொல். நோய் பிடித்த நாய்க்குக் குறி தெரிவதற்குச் சில நாள் முன்னால்தான் எச்சிலில் வைரஸ் வரும், பிறகு சீக்கிரம் செத்துவிடும். 15ஆம் தேதிவரை நன்றாக உலவினால் டாக்டரிடம் சொல், மீதி ஊசி வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியை ஆரம்பிக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது. குட்டி போட்ட நாய் கடிக்கத்தானே செய்யும், அதற்கு வெறியில்லை என்று நீ வாதாடுவாய். இருக்கலாம். அந்த "இருக்கலாம்" போதாது.

வாயில்லாத ஜீவனுக்குச் சம்பளத்தில் எடுத்துப் போடுகிறாய், அதில் எனக்குப் பெருமைதான், மேற்கு வீட்டு அத்தையிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இத்தனை நாயோடு புழங்குகிறவன் முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டாமா? போன வருஷமே சொன்னேன், அப்புறம்மா என்றாய். இந்தத் தடவை முழுதும் போட்டு முடித்தால், பிறகு எப்போதாவது கடித்தாலும் பூஜ்யமும் மூன்றாம் நாளும் போதும், சீரம் வேண்டாம். அதற்காகவாவது கார்டைப் பத்திரமாக வை. குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆனதும் நீயே பிடித்துக்கொண்டு போய் ஊசி போடு.

பள்ளிக்கூடத்தில், வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்த லூயி பாஸ்டரைப் பற்றி ஒப்பித்தாயே, நினைவிருக்கிறதா? 1885 ஜூலையில் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு அவர் மருந்து போட வைத்தது 13 தடவை. ஒன்றோடு நிறுத்தவில்லை.

நோயின் குறி தெரிந்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை தம்பி. கடித்த இடத்தில் ஊறலும் குத்தலும், காய்ச்சல், பிறகு தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனால் தொண்டை இறுகிக்கொள்ளும். காற்று முகத்தில் பட்டாலே இழுக்கும். சிலருக்கு அதுவும் இல்லாமல் கைகால் விழுந்துகொண்டே போகும். இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

நான் தண்ணி டம்ளரை நீட்டிக்கொண்டே இருப்பேன் என்று நீயும் பாப்பாவும் சிரிப்பீர்கள். கல்யாண வீட்டில்கூட "அம்மா வருது, தண்ணி குடிச்சுக்கோ" என்று கேலி. அது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. 2001இல் உனக்கு ஏழு வயது. அப்பத்தா வீட்டுத் திண்ணையில் ஒரு நாய் உன் காலைக் கீறியது, ரத்தம் கசிந்தது. அப்பத்தா மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அரசு ஆஸ்பத்திரியில் ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அதனால் அபூர்வமாகச் சிலருக்கு நரம்பு பாதித்துக் கைகால் விழுவதும் உண்டு, எனக்குத் தெரியும். புது ஊசி மருந்துக்கடையில் விற்றது, ஐந்து வாங்க வேண்டும். அந்த மாதம் சீட்டுப் பணம் கட்ட வேண்டியிருந்தது. நான் சீட்டுப் பணத்தைக் கட்டினேன். பத்து நாள் நாயைப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள் நாயைக் காணவில்லை. அப்போதும் போடவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பூஜ்யம், மூன்று, ஏழு என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்த கை இது. தினமும் காலையில் எழுந்தவுடன் உன் கையில் டம்ளரைக் கொடுத்து, நீ விழுங்குகிற வரை தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷம் அப்படி நின்றேன். பிறகு பழக்கமாகிவிட்டது, நிறுத்த முடியவில்லை. அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

உன்னிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஊசி போட்டாச்சு என்று நீ சொன்னதாக அவள் சொன்னபோது, நாயைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் அன்றைக்குச் சொன்ன குரல் மாதிரியே கேட்டது.

நாளைக்கு லீவு சொல். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் ஊசி போட்டால் உனக்குத் தலைசுற்றும். ஞாயிறு போட்ட ஊசியின் சீட்டோ பில்லோ எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போ. இல்லையென்றால் அந்தக் கிளினிக்குக்கே போய் என்ன மருந்து என்று எழுதி வாங்கு. கார்டு கொடுத்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பாப்பாவுக்கு வேண்டாம், எனக்கே அனுப்பு.

அம்மா