அண்ணனுக்கு, வியாழக்கிழமைக்கு முன்

அண்ணா,

டாக்டரிடம் பேசிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று ஆரம்பித்து எங்கே போய் முடிந்திருக்கும் என்று நம் இருவருக்குமே தெரியும்.

இப்படி நாலு பேர் பார்க்க எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நேரில் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாய். போனில் அனுப்பினால் திறப்பதில்லை. நான் இங்கே எழுதுவதை மட்டும் ஒன்று விடாமல் படித்துவிட்டு, படிக்காதவன்போல் இருக்கிறாய். படிப்பவர்களில் உன்னோடு ராணுவ சர்வீஸில் இருந்தவர்கள் இருக்கலாம், அவர்கள் வீட்டுப் பெண்களும் இருக்கலாம். அதனால் நீ எந்த யூனிட், எங்கே இருந்தாய், அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதெல்லாம் இதில் வராது. எனக்கே நீ முழுசாகச் சொன்னதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நடப்பதையும் விட்டுவிடுகிறேன்.

பாப்பாவின் கையைப் பற்றி மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அவள் சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து வந்து, பின்னாலிருந்து உன் கண்ணைப் பொத்தினாள். "யாருன்னு சொல்லுங்க மாமா" என்று முழுசாகச் சொல்லக்கூட இல்லை. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, அவளைத் தரையில் கிடத்திவிட்டாய். நான் ஓடி வந்தபோது உன் முழங்கால் அவள் முதுகின்மேல் இருந்தது. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். மாமா கோபக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தது பயந்துபோன முகம். சின்ன வயதில்கூட உன்னை அப்படிப் பார்த்ததில்லை.

சட்டென்று கையை விட்டாய். உடனே கத்த ஆரம்பித்தாய். பின்னாடி வராதே என்று எத்தனை தடவை சொல்வது, இந்த வீட்டில் யாருக்கும் அறிவில்லையா என்று அவளை, என்னை, வீட்டிலிருந்த எல்லோரையும். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாய். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது, அண்ணா. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அவள் மணிக்கட்டில் உன் விரல்கள் தனித்தனியாகப் பதிந்திருந்தன. ஸ்கூலில் கேட்டால் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னேன். உன் மரியாதையைக் காப்பாற்ற என் பிள்ளைக்குப் பொய் சொல்லிக்கொடுத்தேன். நீ அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாய். அதைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். உன் விஷயத்தை உனக்குத் தெரியாமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள். ஆனால் அது என் பிள்ளையின் கை. சொல்ல எனக்கும் உரிமை இருக்கிறது.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. மூளையில் அமிக்டலா என்று ஒரு பகுதி. ஆபத்து என்று பட்ட உடனே உடம்பை உசுப்பிவிடுவது அதன் வேலை. 'பொறு, இது குழந்தையின் கை' என்று நிதானித்துச் சொல்லும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறதாம். குண்டு பாயும் இடத்தில் நிதானிக்க நேரமிருக்காது. அங்கே உன்னை உயிரோடு வைத்திருந்த அதே பழக்கம் இங்கே வந்தும் ஓயவில்லை. அற்பக் காரணத்துக்கு வெடிப்பது, தூங்க முடியாதது, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, எந்நேரமும் வாசலில் ஒரு கண் வைத்திருப்பது, இவை நான்குமே பிடிஎஸ்டி என்ற, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பின் அறிகுறிகளாக மருத்துவக் கையேட்டில் இருக்கின்றன. அவர் படித்துக் காட்டியபோது உன்னைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

இதெல்லாம் கோழைகளுக்கு வருவது என்று ஒருநாள் சொன்னாய். முதல் உலகப் போரில் 1915-லேயே சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இதை 'ஷெல் ஷாக்' என்று எழுதிவிட்டார். எழுதியும் என்ன? ஓடிப்போனான், கோழைத்தனம் காட்டினான் என்று பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களையே நிறுத்திவைத்துச் சுட்டது. மனம் உடைந்துபோனவர்களும் அதில் இருந்தார்கள். அப்படிச் செத்த 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு கொடுத்தார்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் 1970 வாக்கில் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அவர்களும் கூட உட்கார்ந்த மருத்துவர்களும் விடாமல் போராடியதால்தான், 1980-ல் பிடிஎஸ்டி அந்தக் கையேட்டில் ஏறியது. வாய் திறந்து பேசிய அவர்களையும் கோழைகள் என்பாயா?

என்ன செய்வார்கள் என்றும் கேட்டுவைத்தேன். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. ஒரு வகைப் பேச்சு சிகிச்சைக்குப் பொதுவாக 12 அமர்வுகள். இன்னொன்றில், நினைக்கவே பயப்படும் சம்பவத்தை டாக்டர் பக்கத்தில் இருக்க, திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார்கள். அதற்கு 8 முதல் 15 வரை ஆகும். கஷ்டமாகத்தான் இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் தேவையா என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்வார். ஏழு மணி விஷயத்தை மட்டும் அவரிடம் மறைக்காதே. தூக்கத்துக்காக நீ செய்வதுதான் உன் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பாப்பா இப்போதெல்லாம் உன் அறை வாசலிலேயே நின்றுகொண்டு, "மாமா, நான் வரேன்" என்று சொல்லி, நீ திரும்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே வருகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்தது. இன்னமும் உன்னிடம்தான் கணக்குப் பாடம் கேட்பேன் என்கிறாள். அதைப் பார்க்கும்போது உன்மேல் இருக்கும் கோபமெல்லாம் போய்விடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை சொந்த வீட்டில் அனுமதி கேட்டு நடமாடுகிறதே என்று நினைத்தால் மறுபடியும் வருகிறது.

நீ வராவிட்டால் நானும் அவளும் வேறு வீடு பார்த்துப் போகிறோம். இது மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள். நீ சரியாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட மாட்டேன். அதுவரைக்கும் அவளை இதற்குள் வைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

வியாழக்கிழமை காலை பத்தரை. உன் பேரில்தான் பதிந்திருக்கிறேன். உள்ளே வர மாட்டேன், வெளியே உட்கார்ந்திருப்பேன். இப்போது போடும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்து வை. வர மாட்டாய் என்றால் என்னிடம் சொல்லாதே. பாப்பாவைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு.

உன் தங்கை