கொடுவாவுக்கு எது, விராலுக்கு எது: ஜூலையில் மட்டக்களப்புக்கு வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படத்தில் லூர், அதாவது செயற்கை இரை, வைக்கும் பெட்டியின் மூன்று தட்டும் தெளிவாகத் தெரிந்தன. நல்ல பெட்டிதான். ஆனால் பாதிக்கு மேல் நீளச் சொண்டு வைத்தவை, மூன்று நான்கு மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிற ஜாதி. அவற்றை ரொறன்ரோவிலேயே விட்டுவிட்டு வா. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆழம் என்று பார்த்தால் பல இடங்களில் இடுப்பளவு, மிஞ்சினால் ஆள்மட்டம். அந்தச் சொண்டு அடிச்சேற்றை உழுதுகொண்டு வரும், கடைசியில் கண்டல் வேரில் போய் மாட்டும். இங்கே ஒரு லூரைக் கையில் எடுத்தால் இரண்டு கேள்விதான்: எவ்வளவு ஆழத்தில் ஓடும், எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் நீந்தும்? நிறம் அதற்குப் பிறகுதான். நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவதால் லாபம் கடைக்காரருக்கு மட்டும்.

நீ வரும் காலம் நல்ல காலம். மாரி வெள்ளம் வரும்போது வாவி முழுவதும் நன்னீராகிக் கலங்கிப் போகும். மீனும் முகத்துவாரப் பக்கம் ஒதுங்கும். ஜூலையில் உப்பு உள்ளே வரை ஏறியிருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத்தான் தொந்தரவு. காலை ஒன்பது மணிக்குப் பிறகு அது எழும்பினால் பிரெயிட் என்கிற பின்னல் நூல் வில் மாதிரி வளைந்து தண்ணீரில் விழும், லூர் என்ன செய்கிறது என்றே கைக்குத் தெரியாது. தளர்ந்த நூலை அப்படியே சுற்றினால் அடுத்த எறிதலில் சிக்கு நிச்சயம். லூர் தண்ணீரைத் தொட்டதும் ரீலின் வளையத்தைக் கையால் மூடு, தடியை ஒருமுறை இழுத்து நூலை இறுக்கு, அதன் பிறகு சுற்று. விடியற்காலை, மாலை, இரவு என்று திட்டம் போடு.

வந்ததும் முதலில் விசாரிக்க வேண்டியது முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதை. பாலமீன்மடுப் பக்கம் மணல் அடைத்திருந்தால் வாவியில் ஓட்டம் செத்துவிடும். மீன் ஓரிடத்தில் கூடாமல் சிதறி நிற்கும், நீதான் கண்டல் ஓரமாகத் தேடிப் போக வேண்டும். திறந்திருந்தால் கல்லடி, வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று பாலத்தடியெல்லாம் தண்ணீர் நகரும். நம் கரையில் வற்றுப் பெருக்கின் வித்தியாசம் அரை மீற்றர் அளவுதான். அதனால் குறுகிய இடங்களில் மட்டும்தான் ஓட்டத்தை உணர முடியும், கொடுவாவும் அங்கேதான் காத்து நிற்கும்.

கொடுவா துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை, ஒளிந்து நின்று அடிக்கிற மீன். தூணுக்குப் பின்னால் ஓட்டம் குறைந்த பக்கம் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும். ஆகவே தூணை நோக்கி எறியாதே. தூணைத் தாண்டி, ஓட்டம் வருகிற பக்கமாக எறிந்து, லூர் ஓட்டத்தோடு மிதந்து வந்து தூணின் ஓரத்தைக் கடக்கும்படி செய். இரவில் பாலத்து விளக்கின் வெளிச்சமும் பாலத்தின் நிழலும் சந்திக்கிற கோடு ஒன்று தண்ணீரில் விழும். மீன் இருட்டுப் பக்கம் நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு இணையாக லூரை இழு.

இதற்கு வேண்டியது 9 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமான, ஒரு மீற்றருக்கு மேல் இறங்காத, நிறுத்தினால் அந்தரத்தில் நிற்கிற மின்னோ, அதாவது சிறுமீன் வடிவக் கடின லூர். உன் பெட்டியில் இரண்டு இருக்கின்றன, மேல் தட்டில் வெள்ளி நிறத்தில். ரீலை இரண்டு சுற்றுச் சுற்று, தடி நுனியால் இரண்டு சிறிய தட்டுத் தட்டு, பிறகு மூன்று எண்ணும்வரை ஒன்றும் செய்யாதே. அடி பெரும்பாலும் அந்த மூன்றில்தான் விழும். புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுமை இல்லை. நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், கொடுவாவும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்தரத்தில் நிற்கும் லூரில் ஒரு சிக்கல் உண்டு. நன்னீரில் சரியாக நிற்கும்படி செய்த லூர் உப்புத் தண்ணீரில் மெல்ல மேலே எழும்பிவிடும், ஏனென்றால் உப்புநீருக்கு அடர்த்தி அதிகம். இதற்கு மருந்து உன் கையிலேயே இருக்கிறது. கம்பனி போட்டு அனுப்புகிற மெல்லிய மூன்று முனைக் கொக்கியைக் கழற்றிவிட்டு, அதே அளவில் தடித்த கம்பிக் கொக்கியும் தடித்த வளையமும் போடு. மெல்லிய கொக்கி கொடுவாவின் வாயில் நிமிர்ந்துவிடும் என்பதால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். கூடுகிற எடை லூரையும் சமன் செய்துவிடும். ஒரு வாளியில் வாவித் தண்ணீரை அள்ளி அதில் விட்டுப் பார். கல்லாகத் தாழ்ந்தால் பின் கொக்கியை ஓர் அளவு சிறிதாக்கு. இன்னும் எழும்பினால் வயிற்றில் சிறு ஈயத் தகடு ஒட்டு. முனைகளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடு. மீனுக்கும் உன் விரலுக்கும் அதுதான் நல்லது.

நூல்: 30 இறாத்தல் பிரெயிட், அதன் முனையில் ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு 40 அல்லது 50 இறாத்தல் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் தடித்த முன்நூல். கொடுவாவின் பல் நூலை அறுக்காது, ஆனால் வாய் அரம். செவுள் மூடியின் விளிம்போ கத்திதான். மீனைத் தூக்கும்போது அங்கே விரல் வைக்காதே. லூரை இறுக்கிக் கட்டாதே, சிறு வளையமாக முடிச்சுப் போடு, அப்போதுதான் தலை ஆடும். ஸ்விவல் என்கிற சுழலும் இணைப்பில் பெரியதைக் கொண்டுபோய் மின்னோவின் மூக்கில் மாட்டினால் ஆட்டம் நின்றுவிடும். ட்ராக்கை, அதாவது ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, கையால் இழுத்து மதிப்பிடாமல் ஒரு தொங்கு தராசை மாட்டிப் பார். 30 இறாத்தல் நூலுக்கு மூன்று முதல் மூன்றரைக் கிலோ. மீன் துள்ளும்போது தடியைத் தாழ்த்து. உயர்த்திப் பிடித்தால் தலையை ஓர் உதறு உதறும், லூர் உன் முகத்துக்குத் திரும்பி வரும்.

கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன். 80 சென்ரிமீற்றரைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை முட்டையிடும் பெண். கறிக்கு நடுத்தர அளவு போதும், ருசியும் அதில்தான். பெரியது வந்தால் கையை நனைத்துக்கொண்டு வயிற்றைத் தாங்கிப் பிடித்துப் படம் எடு, விட்டுவிடு. தாடையில் தொங்கவிட்டுப் பிடித்தால் முதுகெலும்பு விலகும், பிறகு விட்டும் பயன் இல்லை.

கண்டல் வேரடியில் இன்னொருவர் இருக்கிறார், செம்பல்லி. செம்பு நிறம், முன்னால் நாய்ப்பல். அதற்கு 7 அல்லது 8 சென்ரிமீற்றர் லூர் போதும். வேர் விளிம்பிலிருந்து ஒரு முழத்துக்குள் விழ வேண்டும், அதற்கு வெளியே விழுந்தால் வராது. அடித்த அடுத்த நொடியே வேருக்குள் திரும்பும். அப்போது நூல் கொடுத்தால் சிப்பி பற்றிய வேரில் லீடர் அறுந்துவிடும். ட்ராக்கை வழமையை விட இறுக்கிக்கொண்டு தடியைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே கொண்டு வா.

ரப்பர் மீனும் கொண்டு வரலாம், 10 சென்ரிமீற்றர், வெள்ளை அல்லது இறால் நிறம், வால் துடுப்பு உள்ளது. ஈயத் தலை 5 முதல் 7 கிராம். பாலத்தடி ஓட்டத்துக்கு மட்டும் 10 கிராம். வால் அரைவட்டமாக வெட்டியது போலப் போயிருந்தால் அது பேத்தை மீனின் வேலை. ஒரு கூட்டம் பேத்தை பத்து நிமிடத்தில் ஒரு பைக்கற்றை முடித்துவிடும். இடத்தை மாற்று, இல்லாவிட்டால் கடின லூருக்கு மாறு. மணலை மீனைப் பற்றிக் கேட்டிருந்தாய். மணலை லூருக்கு வராது. ஆனால் கரையோரம் என்ன அளவு மணலைக் குஞ்சு ஓடுகிறது என்று பார்த்துக்கொள், உன் லூரும் அந்த அளவில் இருக்கட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாவியில் மாலையில் வலை விட்டு விடியலில் தூக்குகிறவர்களுக்கு அந்த வலைதான் பிழைப்பு. மிதப்பு வரிசை தெரிந்தால் அதற்குக் குறுக்கே எறியாதே. மாட்டிவிட்டால் இழுத்துக் கிழிக்காதே. நூலை வெட்டிவிட்டு, வலைக்காரர் வந்ததும் சொல்லிவிடு. லூரைக் கழற்றித் தந்துவிடுவார்கள்.

இனி குளம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி, அம்பாறைப் பக்கம் கொண்டவட்டுவான் என்று பெரிய பெயர்கள் உண்டு. ஆனால் விராலுக்குத் தாமரையும் ஆம்பலும் மூடிய சிறிய ஊர்க்குளமும் வயல் வாய்க்காலும் போதும். ஜூலையில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய்க் குளம் இறங்கியிருக்கும். விரால் இலைக் கூட்டத்தின் வெளி விளிம்பில் நெருங்கி நிற்கும். விரால் மேலே வந்து காற்றை விழுங்காமல் உயிர் வாழ முடியாது. இலைகளுக்கு இடையே ஒரு மொடக்குச் சத்தமும் ஒரு வளையமும் தெரிந்தால் அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்.

இதற்கு உள்ளே வெற்றாக இருக்கும் ரப்பர் தவளை, 5 முதல் 6 சென்ரிமீற்றர். இரட்டைக் கொக்கி உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலையில் மாட்டாது. புதிதாக வாங்கியதை அப்படியே போடாதே. உடம்பை விரலால் அமுக்கிப் பார். கொக்கி முனை தெரியாவிட்டால் ரப்பர் தடிப்பு, மீன் கடித்தாலும் ஏறாது. இரண்டு முனையையும் இடுக்கியால் மயிரிழை அளவு வெளியே வளை, அதற்கு மேல் வேண்டாம். பின்னால் தொங்கும் நூல் கால்களைப் பாதியாக வெட்டு, நீளக் காலைக் கவ்விவிட்டு விரால் போய்விடும். சில எறிதலுக்கு ஒருமுறை உள்ளே புகுந்த தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்று. தண்ணீர் நிறைந்த தவளை பின்பக்கம் தாழ்ந்து இலையைக் கொத்தும்.

சத்தம் கேட்ட இடத்துக்கு இரண்டு மீற்றர் அப்பால் விழுத்தி, இலை மேல் ஏற்றி இறக்கிக் கொண்டு வா. இடைவெளி வந்தால் நிறுத்து. வெடித்தது போல அடி விழும். அந்தக் கணத்தில் கை தானாகத் தடியைத் தூக்கும், தூக்கினால் தவளை வாயிலிருந்து பறந்து வரும். தடியைத் தாழ்த்து, தளர்ந்த நூலைச் சுற்று, பாரம் தெரிந்த பிறகு பலமாக இழு. ஒன்று, ஒன்றரை நொடி. பிறகு தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்து இலை மேல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்; கீழே விட்டால் தாமரைத் தண்டைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே இங்கே 50 இறாத்தல் பிரெயிட், லீடர் தேவையில்லை, தடியும் விறைப்பானது.

செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று தண்ணீர் மேல் கொதிப்பது போலத் தெரிந்தால் அங்கே எறியாதே. கீழே பெற்றோர் காவல் நிற்கும், பசிக்காக அல்ல, ஆத்திரத்தில் அடிக்கும். அதைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். சிலர் இதைத்தான் தேடி அலைகிறார்கள், அதைக் கெட்டித்தனம் என்று சொல்ல மாட்டேன்.

குளத்தில் தண்ணீருக்குள் இறங்காதே. முதலை உண்டு, வாவியிலும் உண்டு. மாட்டிய தவளையை எடுக்க முழங்கால் அளவு கூட வேண்டாம். உன்னிச்சைப் பக்கம் மாலை ஐந்துக்கு மேல் யானை வரும், அதற்கு முன் கிளம்பு. சேனாநாயக்க சமுத்திரம் கல்லோயா தேசியப் பூங்காவோடு சேர்ந்தது; அனுமதி விசாரிக்காமல் அங்கே தடியை விரிக்காதே.

திலாப்பியாவுக்கு லூர் வீண். 1952இல் நாட்டுக்குள் கொண்டு வந்ததிலிருந்து எந்தக் குளத்திலும் இருக்கிறது. சிறிய தூண்டில், மண்புழு, ஒரு மிதப்பு, முடிந்தது கதை.

கடல் பக்கம் கல்குடா, ஒலுவில், திருக்கோவில், அறுகம்பை என்று போகலாம். கச்சான் இங்கே உதவி, முதுகுக்குப் பின்னால் இருந்து வீசும், எறிதல் தூரம் போகும். 30 முதல் 40 கிராம் உலோகக் கரண்டி, ஒன்பது அடித் தடி. சூடை மீன் கூட்டம் சிதறித் துள்ளினால் அதற்கு அப்பால் எறிந்து முடிந்த வேகத்தில் சுற்று. கட்டாவும் பாரையும் வேகம் குறைந்தால் திரும்பிவிடும். வாவிக்கு நேர் எதிர். கரண்டியில் மூன்று முனையைக் கழற்றி ஒற்றைக் கொக்கி போடு, எறியும்போது சிக்காது. கட்டாவின் முதுகு முள்ளிலும் அடி முள்ளிலும் நஞ்சு உண்டு, துணியோ இடுக்கியோ இல்லாமல் பிடிக்காதே. நூலை அறுக்கிற சீலா மீன் அடிக்கும் இடமென்றால் லூருக்கு முன்னால் ஒரு சாண் மெல்லிய கம்பி, அதற்கு மேல் நீண்டால் லூர் விறைத்துப் போகும். பெரும் பாரைக்குப் பொப்பர் என்கிற, தண்ணீர் மேல் சத்தமிடும் லூர் எறிய வேண்டுமானால் உன் ரீல் சிறியது. அந்த ஆசையை இந்த முறை விடு. ஒலுவில் அலைத்தடுப்புக் கற்களில் பாசி வழுக்கும், செருப்போடு ஏறாதே. காயங்கேணிப் பவளப்பாறைப் பகுதி சரணாலயம், அங்கே தூண்டில் வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் முடிந்ததும் லூர்களை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திய பிறகு பெட்டியில் போடு. ஈரமான ஒன்று போதும், ஒரு வாரத்தில் தட்டு முழுவதும் கொக்கி துருப்பிடிக்கும். நீ கொண்டுவர வேண்டியது மின்னோ நான்கு, தவளை மூன்று, கரண்டி மூன்று, ரப்பர் மீன் இரண்டு பைக்கற், மாற்றுக் கொக்கியும் வளையமும் தாராளமாக, நீள மூக்கு இடுக்கி ஒன்று. ஈயமும் தங்கூசியும் இங்கே கடையில் இருக்கின்றன. கொக்கி, இடுக்கி எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போடு. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணன்