மூளை 'சிப்' செய்தியில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளையில் சிப் பொருத்திப் பார்வையற்றோருக்குப் பார்வை தரப்போவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்தெல்லாம் குடும்பங்கள் மதுரைக்கு வருகின்றன. எங்கே வைப்பார்கள், எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி. சிப்தான் வரப்போகிறதே என்று, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய்க்கான சொட்டு மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. இது பெரிய ஆபத்து. எஞ்சியிருக்கும் நரம்பைக் காப்பது அந்தச் சொட்டு மருந்துதான்.

முதலில் ஒரு திருத்தம். 2024 செப்டம்பரில், செய்தியில் வந்த சிப்பான நியூராலிங்க் நிறுவனத்தின் 'பிளைண்ட்சைட்' கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கொடுத்தது விரைவுப் பரிசீலனைக்கான தகுதி மட்டுமே. அதை 'அனுமதி' என்று அச்சிட்டதில்தான் குழப்பம் தொடங்கியது.

பின்மண்டைக்குள் இருக்கும் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளை மேலடுக்கில்) ஓரிடத்தில் சிறிது மின்சாரம் கொடுத்தால், கண்ணே இல்லாதவருக்கும் எதிரே ஓர் ஒளிப்பொட்டு தெரியும். இது பழைய செய்தி. 1968லேயே இங்கிலாந்தில் பிரிண்ட்லியும் லெவினும் பார்வை இழந்த 52 வயதுப் பெண்ணின் மூளைமேல் 80 மின்முனைகளைப் பதித்தார்கள். எண்பதில் ஒரு பகுதியில் மட்டுமே பொட்டு வந்தது. அரை நூற்றாண்டு கழித்து 2018ல் அமெரிக்காவில் மனிதச் சோதனைக்கு வந்த 'ஓரியன்' கருவியில் 60 மின்முனைகள்; பொருத்திக்கொண்டவர்கள் 6 பேர். கறுப்புத் திரையில் வெள்ளைச் சதுரம் எங்கே இருக்கிறது, கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல உதவியது. ஸ்பெயினில் எல்சே நகர ஆய்வாளர்கள் ஒரு பெண்ணின் மூளையில் 96 நுண் ஊசிமுனைகளைச் செருகி, 6 மாதம் கழித்து எடுத்துவிட்டார்கள். அவர் சில எழுத்துகளை அடையாளம் கண்டார். முகம் பார்ப்பதும் பேப்பர் படிப்பதும் இன்னும் வெகு தூரம்.

மின்முனைகளைக் கூட்டினால் படம் வந்துவிடாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். வராது. பல மின்முனைகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் பாய்ந்தால் பொட்டுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கலான ஒரு திட்டாகிவிடுகின்றன. அமெரிக்காவின் பேலர் மருத்துவக் கல்லூரிக் குழு 2020ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது: புள்ளிகளை மொத்தமாக வைக்காமல், கோலத்துக்கு இழை இழுப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டினால் எழுத்தின் வடிவம் புரிகிறது.

இடமும் ஒரு சிக்கல். நேர்பார்வைக்கான பகுதி பின்மண்டையின் முனையில் அகலமாகப் பரந்திருக்கிறது. பக்கப்பார்வைக்கான பகுதியோ மூளையின் இரு அரைக்கோளங்களுக்கும் இடையே ஆழமான மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. மேலே ஒட்டும் தகட்டுக்கு அது எட்டாது. எனவே பொட்டுகள் எல்லாம் பார்வையின் ஒரு சிறு பகுதியிலேயே குவிகின்றன. தெருவில் நடக்கத் தேவைப்படுவது பக்கப்பார்வை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்னொரு சிக்கல்: படமெடுத்து மின்முனைகளுக்கு அனுப்பும் கேமரா மூக்குக்கண்ணாடியில் இருக்கிறது, பொட்டுகளோ கண்ணோடு நகர்கின்றன. தலை அசையாமல் கண் மட்டும் திரும்பினால், பொருள் இடம் மாறியதாகத் தோன்றும். கண்ணை நிறுத்தித் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும்.

புறணியின் மேலே வைக்கும் முனைக்கு மில்லி ஆம்பியர் கணக்கில் மின்சாரம் வேண்டும். உள்ளே செருகும் ஊசிக்குச் சில பத்து மைக்ரோ ஆம்பியர் போதும். ஆனால் ஊசியைச் சுற்றித் தழும்பு வளர்ந்தால், அதே பொட்டுக்கு மேலும் மின்சாரம் தேவைப்படும். அளவு மீறினால் வலிப்பு வரலாம்.

யாருக்குப் பயன்படும் என்பதையும் செய்தி சொல்லவில்லை. கிளாக்கோமாவிலோ விபத்திலோ பார்வை நரம்பு செத்துப்போனவருக்கு, கண்ணுக்குள் பொருத்தும் விழித்திரைக் கருவி உதவாது. புறணிக் கருவியை முயன்று பார்க்கலாம். பக்கவாதத்தில் பார்வைப் புறணியே இரண்டு பக்கமும் அழிந்துபோனால் தூண்டுவதற்கே இடமில்லை. இவர்களுக்கு டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும், விழித்திரையும் நன்றாக இருக்கும். அதனாலேயே நடிக்கிறார் என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள், பாவம்.

பிறவியிலேயே பார்வையற்றவரின் நிலை வேறு. பார்க்கப் பழகாத புறணியைத் தொடுதலும் கேட்டலும் எடுத்துக்கொள்கின்றன. தொடக்க வயதில் கண்ணிலிருந்து சரியான தகவல் போகாவிட்டால் பார்வைப் புறணி சரியாக அமையாது என்பது மூளை ஆய்வாளர்கள் ஹூபலும் வீசலும் காட்டியது. 1981ல் நோபல் பரிசு பெற்றார்கள். இதுவரை நடந்த சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒருகாலத்தில் பார்த்தவர்கள்.

குழந்தைகளுக்கு மூளையைப் பழக்கும் சிகிச்சை இன்றே இருக்கிறது. மூளை ஒரு கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை குறையும் சோம்பேறிக் கண்ணுக்கு முதலில் சரியான கண்ணாடி. அதற்குப் பின்னும் குறை இருந்தால் நல்ல கண்ணை மறைக்கும் பட்டை. நடுத்தரக் குறைக்கு நாளைக்கு 2 மணி நேரம், கடுமையானதற்கு 6 மணி நேரம் என்பது வழக்கம். 7 வயதுக்குள் பலன் அதிகம். பட்டையைக் கண்ணாடிமேல் ஒட்டினால் பிள்ளை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். தோலில் ஒட்ட வேண்டும். சித்திரை வெயிலில் வியர்த்துக் கழன்றுவிடும் என்பதால் காலையில் ஒட்டுவது நல்லது. தூங்கும்போது ஒட்டிப் பயனில்லை. தவறிப்போய்ச் சோம்பேறிக் கண்ணை மூடும் பாட்டிமார்களும் உண்டு. மறுபரிசோதனைக்கு வராமல் மாதக்கணக்கில் ஒட்டினால் நல்ல கண்ணின் பார்வை குறையலாம். 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்ட இந்த மதுரையில் இதற்கு அலைய வேண்டியதில்லை.

தலைக்குப் பின்னால் காந்தச்சுருள் வைத்துத் தூண்டினால் ஒரு கணம் மின்னல் தெரியும். புறணி உயிரோடு இருக்கிறதா என்று ஆராய அது உதவும். துடிப்பு நின்றதும் மின்னலும் போய்விடும். அதைச் சிகிச்சை என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண்ணையும் நெறிமுறைக் குழு ஒப்புதலையும் தமிழில் அச்சிட்ட சம்மதப் படிவத்தையும் கேளுங்கள். சோதனைக்கு உட்படுபவரிடம் கருவிக்குக் காசு கேட்டாலே சந்தேகப்பட வேண்டும்.

இனி இத்தகைய செய்தி வரும்போது எத்தனை பேருக்கு, எத்தனை மாதம், என்ன பார்க்க முடிந்தது என்பதையும் தயவுசெய்து சேர்த்து அச்சிடுங்கள். கருவி பழுதானால் யார் பார்ப்பார்கள் என்பதும் முக்கியம். 2013ல் அமெரிக்க அனுமதி பெற்ற 'ஆர்கஸ் 2' விழித்திரைக் கருவியை 350க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனம் தயாரிப்பைக் கைவிட்டதும், உதிரி பாகமும் பழுது பார்க்க ஆளும் இல்லாமல் அவர்கள் திண்டாடினார்கள். ஓரியனைச் செய்ததும் அதே நிறுவனம்தான்.

இப்படிக்கு,
பார்வை மறுவாழ்வுப் பணியாளர்கள் சிலர்,
மதுரை.