641-ஆல் வகுபடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு சிறுவர் பக்கத்தில் 'பெரிய பகா எண்கள்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதில் உள்ள 4294967297 பகா எண் அல்ல. 641-ஆல் மீதியில்லாமல் வகுபடும்.

முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த எண்ணைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக் கால்குலேட்டர் எட்டு இலக்கத்துக்கு மேல் காட்டாது என்பதால், பேத்தியைக் கூப்பிட்டுப் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுக்கச் சொன்னேன்.

4294-இல் 641 ஆறு தடவை, மீதி 448. அடுத்த 9-ஐ இறக்கினால் 4489. ஏழு தடவை போக மீதி வெறும் 2. அப்புறம் 6-ஐ இறக்கினால் 26, 7-ஐ இறக்கினால் 267. இரண்டிலுமே 641 போகாது, ஆகவே ஈவில் அடுத்தடுத்து இரண்டு பூஜ்ஜியம் வர வேண்டும். பேத்தி ஒன்றுதான் போட்டாள். (என் வகுப்பில் பாதிப் பேர் சறுக்கிய இடம் இதேதான்.) திருத்திவிட்டு மேலே போனோம். 2672-இல் நான்கு, மீதி 108. 1089-இல் ஒன்று, மீதி மறுபடியும் அதே 448! கடைசி 7-ஐ இறக்கினால் 4487. 641-ஐ ஏழால் பெருக்கினாலும் 4487. "பாட்டி, தீர்ந்துபோச்சு" என்றாள். ஈவு 6700417.

உங்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2, 4, 16, 256 என்று வர்க்கம் எடுத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். ஆறாவதுதான் நம் 4294967297. இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் என்று 1640-இல் நம்பியவர் சாதாரண ஆளில்லை, கணித மேதை ஃபெர்மா. 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் 641-ஐக் காட்டியதும் அந்த நம்பிக்கை உடைந்தது. 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.

641-ஐ எப்படித்தான் கண்டுபிடிப்பது? கண்ணை மூடிக்கொண்டு தேடினால், இந்த எண்ணின் வர்க்கமூலமான சுமார் 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும்கூட வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். ஆனால் 4294967297-இன் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்று ஆய்லர் நிரூபித்திருக்கிறார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றுதான் தொடங்குகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் சிக்கிவிடுகிறது!

அடுத்த வாரம் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். 6700417-இல் இரண்டு பூஜ்ஜியம் இருக்கிறது, அச்சில் ஒன்று விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை