பிரெஞ்சில் ஒரே ஓசை, வேறு எழுத்து

ஆசிரியர் அவர்கட்கு,

பிரான்ஸில் 2026 ஜனவரி முதல் பல்லாண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின்படி படிப்படியாக உயரும் மொழித்தரம் கேட்கிறார்கள். கொழும்பில் பிரெஞ்சு ரியூஷனுக்குப் போகும் நம்மவர்கள் எழுத்துப்பிழையை இனியும் அசட்டை செய்ய முடியாது. டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித்தரப் பரீட்சையில் எழுத்துப் பகுதிக்கு மட்டும் 25 புள்ளி.

சொல்லின் கடைசி மெய்யைப் பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் உச்சரிப்பதில்லை. எழுதுவதை மட்டும் விடவில்லை. அதனால் காதை நம்பி எழுதினால் பிழைதான். கருத்தைப் பாடமாக்குவதைவிட, சந்தேகமான இடத்தில் வேறொரு சொல்லைப் போட்டுப் பார்ப்பது விரைவாகக் கைகொடுக்கும்.

'ஆ' என்று கேட்கும் ஏ எழுத்தின் மேல் கோடு வேண்டுமா? 'அவே' என்ற இறந்தகால வினையைப் போடுங்கள். 'இல் ஆ அன் லிவ்ர்' (அவனிடம் புத்தகம் இருக்கிறது) என்பதில் அது பொருந்தும்; ஆகவே கோடு இல்லை. 'இல் வா ஆ பரி' (அவன் பாரிஸ் போகிறான்) என்பதில் பொருந்தாது, கோடு போடுங்கள். 'சோன்' ('அவனுடைய' அல்லது 'இருக்கிறார்கள்') என்பதற்கு 'எத்தே' (இருந்தார்கள்) பொருந்தினால் கடைசியில் ரீ வரும், இல்லாவிட்டால் வராது. 'ஊ' என்பதற்கு 'ஊ பியான்' பொருந்தினால் 'அல்லது'. பொருந்தாவிட்டால் 'எங்கே', யூவின் மேல் கோடு. கோடு போட்ட யூ பிரெஞ்சு முழுவதிலும் இந்த ஒரு சொல்லில்தான் வருகிறது. விசைப்பலகையில் அதற்கென்று ஒரு விசை வேறு!

அதிகம் புள்ளி போவது 'மான்ஜே' (சாப்பிடு) போன்ற வினைகளில். முடிவு ஈ-ஆரா, கோடு போட்ட ஈயா, ஈ-இசட்டா? ஓசை மூன்றுக்கும் ஒன்றே. விற்பதைக் குறிக்கும் வினையைப் போட்டால் ஓசை பிரிந்துவிடும். 'ஜெ வே மான்ஜே' (நான் சாப்பிடப் போகிறேன்) என்பதில் 'வாந்த்ர்' வந்தால் ஈ-ஆர். 'ஜே மான்ஜே' (நான் சாப்பிட்டேன்) என்பதில் 'வாந்து' வந்தால் கோடு போட்ட ஈ. 'வூ மான்ஜே' (நீங்கள் சாப்பிடுகிறீர்கள்) என்பதில் 'வாந்தே' வந்தால் ஈ-இசட்.

'சே' என்பது சீயில் தொடங்கினால் 'இது ... ஆகும்'; எஸ்ஸில் தொடங்கினால் 'தன்னை' என்ற பொருளோடு வினைக்கு முன் வரும். இதில் இறந்தகாலச் சோதனை உதவாது. சீயில் தொடங்கினாலும் எஸ்ஸில் தொடங்கினாலும் 'சேத்தே' என்றே கேட்கும். இதைப் பல வகுப்புகளில் சொல்வதில்லை. அங்கே வாக்கியத்தைத் தன்மைக்கு மாற்றுங்கள்: 'இல் சே லவே' (அவன் குளித்தான்) 'ஜெ ம சுயி லவே' ஆகிறது. 'ம' வந்தால் எஸ், வராவிட்டால் சீ.

பெயர்ச்சொற்களுக்கு இனச்சொல்லைத் தேடுங்கள். இரத்தமும் நூறும் 'சான்' என்றே ஒலிக்கும். 'சாங்கான்' என்ற உரிச்சொல் இரத்தத்தின் கடைசி ஜீயையும், 'சாந்தேன்' என்ற சொல் நூறின் ரீயையும் காட்டிக்கொடுக்கும்.

இவை பிரெஞ்சே வைத்த சிக்கல்கள். தமிழெழுத்தில் உச்சரிப்பு எழுதும் கைநூல்கள், இல்லாத சிக்கலையும் உண்டாக்குகின்றன. மீனும் நஞ்சும் அவற்றில் 'புவாசோன்' என்றே அச்சாகின்றன! மீனுக்கு இரட்டை எஸ், ஓசை 'ஸ'. நஞ்சுக்கு இரு உயிர்களுக்கிடையே ஒற்றை எஸ். அதன் அதிர்வொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. பரிசுப்பொருளுக்கான சொல்லும் கேக்குக்கான சொல்லும் அப்படியே குழம்புகின்றன.

தங்கள் கல்விப் பக்கத்தில் பிரெஞ்சுப் பாடம் வெளியிடும்போது சொற்களைப் பிரெஞ்சு எழுத்திலேயே தந்து, கருத்தை மட்டும் தமிழில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிரெஞ்சு மொழி ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06